ஃபிராம் அருங்காட்சியகம், ஒஸ்லோ: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு

லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் சொந்தக்காரர்கள் விடுமுறைக்கு வந்தால் முதலில் கேட்பது, பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்றுதான். ஃபிராம் அருங்காட்சியகத்துக்குப் போங்கள் என்பேன். போய் வந்தவர்களில் சிலர் "பெரிய மரக் கப்பல், ஏறிப் பார்த்தோம், நல்லாயிருந்தது" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது மனவருத்தம். உலகத்திலேயே கடுங்குளிரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வகுப்பறை நான் கண்டதில்லை. யாராவது ஒருவர் கூடவே நின்று கதை சொன்னால்தான் அந்த வகுப்பறை திறக்கும். அந்தக் கதைகளில் எதை எங்கே நின்று சொல்லலாம் என்பதையும் சேர்த்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

கிழமை நாட்களில் ஒரு சிறுவர் பாடசாலையில் வேலை செய்கிறேன், சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். ஒஸ்லோவுக்கு வருமுன் வடக்கே பின்மார்க்கில், வார்டோ என்ற ஊரில் இருந்தோம். எண்பதுகளில் நம்மவர்கள் பலர் அந்தக் கரையோரத்து மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள், நாங்களும் அப்படிப் போனவர்கள்தான். அங்கே நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரியில்தான் திரும்பத் தலைகாட்டும். வெப்பமானியில் தெரியும் எண் அப்படி ஒன்றும் பயங்கரமாக இராது, காற்றுத்தான் ஆளை வாட்டும். அதனால் குளிரைப் பற்றி யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பார்ப்பேன்.

அருங்காட்சியகம் பிக்டோய் குடாநாட்டின் முனையில் இருக்கிறது. நிலத்தைத் தொடும் கூரையோடு, முக்கோண வடிவில் உயர்ந்த கட்டடம். 1936இல் திறந்தார்கள். உள்ளே போனால் ஃபிராம் கப்பல் முழுதாக நிற்கும். மாதிரியோ திரும்பக் கட்டியதோ இல்லை, துருவங்களுக்குப் போய் வந்த அதே கப்பல். 39 மீற்றர் நீளம், 11 மீற்றர் அகலம். கொலின் ஆர்ச்சர் என்ற கப்பல் கட்டுநர் லார்விக்கில் கட்டி, 1892 ஒக்டோபர் 26 அன்று தண்ணீரில் இறக்கினார். ஏணிப்படியில் ஏறி மேல்தளத்துக்குப் போகலாம், உள்ளே இறங்கி அறைகளையும் இயந்திரத்தையும் பார்க்கலாம்.

பிள்ளைகள் நேரே மேலே ஓடத்தான் பார்ப்பார்கள். கீழேயே கொஞ்சம் மறித்து வைத்திருங்கள். கப்பலின் முன்பக்கத்து அடியில் நின்று, "இதன் வயிறு ஏன் இவ்வளவு உருண்டையாக இருக்கிறது?" என்று கேளுங்கள். கடலில் வேகமாகப் போகிற கப்பலுக்கு இந்த உடம்பு கூடாது. ஃபிராம் திறந்த கடலில் மோசமாக உருளும் என்று அதில் போனவர்களே எழுதியிருக்கிறார்கள். இதைக் கட்டியது பனிக்கட்டிக்குள் மாட்டிக்கொள்வதற்காக.

இந்த இடத்தில் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. ஜெனெற் என்ற அமெரிக்கக் கப்பல் 1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டி நெரித்து மூழ்கியது. மூன்று வருடம் கழித்து, 1884இல், அதன் பொருட்கள் சில கிறீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அதில் ஒரு காற்சட்டை, அதிலே அந்தக் கப்பலின் மாலுமி லூயிஸ் நோரோஸின் பெயர். சைபீரியாப் பக்கம் மூழ்கிய கப்பலின் காற்சட்டை கிறீன்லாந்துக்கு எப்படி வந்தது? என் வகுப்புப் பிள்ளைகள் இதற்குச் சொன்ன பதில்களை வைத்து ஒரு புத்தகமே போடலாம்: திமிங்கிலம், பனிக்கரடி, கடற்கொள்ளையர். நோர்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் ஃபிரித்யொஃப் நான்சன் சொன்ன பதில், கடற்பனியே நகர்கிறது என்பது. அப்படியானால், நெரிபடாத ஒரு கப்பலைக் கட்டி, வேண்டுமென்றே பனியில் உறையவிட்டால், பனியே அதை வட துருவத்துக்குப் பக்கத்தால் சுமந்துகொண்டு போகும் அல்லவா? அறிஞர்கள் பலர் இது தற்கொலை என்றார்கள். ஈரமான புளியங்கொட்டையை இரண்டு விரலால் நெரித்துப் பாருங்கள், வழுக்கி மேலே துள்ளும். ஃபிராமின் உருண்டை வயிறு அப்படித்தான் வேலை செய்தது. பனி இரண்டு பக்கமும் நெருக்க, கப்பல் மேலே எழும்பியது. சுக்கானையும் உந்துசுழலியையும்கூடப் பனி உடைத்துவிடாமல் மேலே தூக்கி வைக்க வழி செய்திருந்தார்கள்.

சரி, இப்போது மேலே ஏறலாம். மேல்தளத்தில் நேரத்துக்கு நேரம் விளக்கை அணைத்து வடவொளிக் காட்சி காட்டுவார்கள், சுற்றிவரக் கடலும் பனியும் சுவர்களில் ஓடும். வடிவாகத்தான் இருக்கும். ஆனால் என் கண்ணுக்கு இந்தக் கப்பலின் மிகப் பெரிய பாடம் கீழே, அந்தச் சின்ன அறைகளின் சுவருக்குள் இருக்கிறது.

1893இல் நான்சனையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் இந்தக் கப்பலில் போனார்கள். அதற்கு முன்னர் துருவக் கடலில் குளிர்காலத்தைக் கழித்த கப்பல்களில் பெரிய தொல்லை ஈரம். மனிதர் விடும் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகி, படுக்கையெல்லாம் நனைந்து உறைந்துபோகும். ஃபிராமின் சுவருக்கும் கூரைக்கும் அடுக்கடுக்காக உடுத்திவிட்டார்கள்: தார் பூசிய கம்பளம், தக்கை, பலகை, பனிமான் மயிர், காற்றுப் புகாத லினோலியம், மறுபடியும் பலகை. மேலே வெளிச்சம் வரும் சன்னலுக்கு மூன்று கண்ணாடி, ஒன்றுக்குள் ஒன்று. அடுக்குகளுக்கு இடையில் அசையாமல் நிற்கும் காற்றுத்தான் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகையில் உறைந்த நாட்களிலும் உள்ளே சுவர் காய்ந்திருந்தது.

இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் ஜக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்வேன். உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள்? பாதிப்பேர் பருத்திச் சட்டை. பெற்றோரே, இதை நான் சிறுவர் பாடசாலையிலும் ஒவ்வொரு குளிர்காலமும் சொல்லிக் களைத்துப்போகிறேன். விலை உயர்ந்த தடித்த ஜக்கெட் வாங்கிக் கொடுக்கிறீர்கள், அதற்குள்ளே பருத்தி. பிள்ளை ஓடி விளையாடி வியர்க்கும், பருத்தி அந்த வியர்வையைக் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் கிடக்கும், பிறகு பிள்ளை ஒரு இடத்தில் நிற்கும்போது நடுங்கத் தொடங்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். மெல்லிய கம்பளி உள்ளுடை, அதற்கு மேலே இன்னொரு கம்பளி, கடைசியாகக் காற்றையும் மழையையும் மறிக்கும் ஒரு வெளியுடை. போதும். சப்பாத்தும் அப்படித்தான். குளிருகிறது என்று அதே சப்பாத்துக்குள் இரண்டு தடித்த காலுறையைத் திணித்தால், கால் இறுகி, காற்றும் இல்லாமல் இரத்த ஓட்டமும் குறைந்து, இன்னும் அதிகமாகத்தான் விறைக்கும். தென் துருவத்தை முதலில் அடைந்த நோர்வேக்காரர் அமுண்ட்சனின் ஆட்கள் அங்கே போகுமுன் குளிர்காலம் முழுவதும் தங்கள் சப்பாத்துகளைப் பிரித்துப் பிரித்துப் பெரிதாக்கித் தைத்தார்கள். காலுறைகள் அத்தனையும் போட்ட பிறகும் விரல்கள் உள்ளே அசைய இடம் வேண்டும் என்று.

வியர்வை எவ்வளவு பொல்லாதது என்பதற்கு நான்சனே சாட்சி. பனியோடு நகர்ந்த கப்பல் துருவத்தைத் தொடாது என்று தெரிந்ததும், 1895 மார்ச் 14 அன்று அவரும் யால்மர் யோகான்சனும் கப்பலை விட்டு இறங்கி, 28 நாய்களோடும் மூன்று சறுக்கு வண்டிகளோடும் இரண்டு கயாக்குகளோடும் வடக்கே நடந்தார்கள். பகலில் வண்டியை இழுத்து இழுத்து வியர்த்தது. இரவில் அந்த வியர்வை உடையிலேயே உறைந்தது. சட்டைக் கை பனிக்கட்டியாகவே விறைத்து, உராய்ந்து உராய்ந்து நான்சனின் மணிக்கட்டில் ஆழமான புண் வந்தது. ஒவ்வொரு இரவும் உறங்கும் பைக்குள் படுத்து, தங்கள் உடம்புச் சூட்டாலேயே உடையை இளக்கினார்கள். ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், அவர்களிடம் மாற்றுடுப்பு இல்லையா?" நல்ல கேள்வி. எல்லாவற்றையும் தாங்களே சுமக்க வேண்டும் என்றால் எதை விட்டுவிட்டுப் போவாய் என்று திருப்பிக் கேட்டேன். அவனும் இன்னும் மூன்று பேரும் அந்தக் கப்பலின் சின்ன அறை வாசலில் நின்று அரை மணி நேரம் வாதாடினார்கள். வகுப்பில் நான் எவ்வளவு கத்தினாலும் இப்படி ஒரு விவாதம் வராது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. புதிய உணவு இல்லாமல் மாதக்கணக்கில் உப்பிட்ட இறைச்சியும் பிஸ்கட்டும் தின்ற பழைய மாலுமிகளுக்கு ஸ்கர்வி வந்து ஈறு வீங்கி, பழைய காயங்கள்கூடத் திறந்துகொள்ளும். நான்சன் காலத்தில் உயிர்ச்சத்து சி என்று ஒன்று இருப்பது யாருக்கும் தெரியாது. ஆனாலும் துருவத்தில் வாழும் மக்கள் புதிய சீல் இறைச்சியும் கரடி இறைச்சியும் தின்று சுகமாக இருப்பதை நோர்வேக்காரர் கண்டிருந்தார்கள். தென் துருவப் பயணத்தில் அமுண்ட்சனின் சமையல்காரர் லின்ஸ்ட்ரோம் சீல் இறைச்சியை அரைவேக்காட்டில்தான் கொடுத்தார். முழுதாக வேகவைத்தால் அந்தச் சத்து நிறையப் போய்விடும் என்பது இப்போது நமக்குத் தெரியும்.

கப்பலில் சலிப்பும் ஓர் ஆபத்துத்தான். ஃபிராம் பனியில் மாட்டிக் கிடந்தது ஏறக்குறைய மூன்று வருடம். அதற்கென்று நூலகம், ஆர்மோனியம், கையெழுத்துப் பத்திரிகை, மின்விளக்கு எரிக்க ஒரு காற்றாலை. பிறந்தநாட்களை ஒன்றும் விடாமல் கொண்டாடினார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஆர்மோனியம் என்றால் தமிழ்ப் பாட்டு வகுப்புத்தான் நினைவு வரும், அது துருவத்துக்கும் போனது என்பதைக் கேட்டு எங்கள் பிள்ளைகளுக்குப் பெருமை.

நான்சனும் யோகான்சனும் துருவத்தைத் தொடவில்லை. 1895 ஏப்ரல் 8 அன்று 86 பாகை 14 கலையில், அதுவரை யாரும் போகாத வடக்கில் நின்று, முன்னால் பனி மேடுமேடாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்து, திரும்பினார்கள். துருவத்துக்கு இன்னும் நானூறு கிலோமீற்றர் சொச்சம் இருந்தது. வழியில் கடிகாரங்கள் நின்றுபோயின, அதனால் தாங்கள் எந்த நெடுங்கோட்டில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் போனது. கடைசியில் ஃபிரான்ஸ் யோசெஃப் நிலம் என்ற வடதுருவத் தீவுக்கூட்டத்தில் கல்லால் ஒரு குழிக் குடிசை கட்டி, வால்ரஸ் தோலால் கூரை போட்டு, கரடி இறைச்சியும் வால்ரஸ் கொழுப்பும் தின்று ஒரு குளிர்காலத்தைக் கழித்தார்கள். நாளின் பெரும்பகுதி உறக்கம். அது முடிந்து நிறுத்துப் பார்த்தபோது நான்சனின் எடை பத்துக் கிலோ போலக் கூடியிருந்தது! பட்டினியால் எலும்பும் தோலுமாக வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய அதிர்ச்சி. அசையாமல் கிடந்து, கொழுப்பைத் தின்று, நனையாமல் இருந்தால் உடம்பு தாங்கும் என்பதை இதைவிட வடிவாக எப்படிச் சொல்வது?

1896 ஆகஸ்ட் 13 அன்று நான்சன் வார்டோவில் வந்து இறங்கினார். நான் மீன் வெட்டிய அதே ஊர். அதே நாளில்தான், அவருக்குத் தெரியாமலேயே, ஃபிராமும் பனியிலிருந்து விடுபட்டது. போன பதின்மூன்று பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

நான்சனைப் பற்றி இன்னும் ஒன்றைப் பெரியவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் உலகப் போருக்குப் பிறகு, நாடில்லாமல் போன லட்சக்கணக்கான அகதிகளுக்கு அவர் பெயரில்தான் ஒரு பயணப் பத்திரம் கொடுத்தார்கள். நான்சன் கடவுச்சீட்டு என்பார்கள். 1922இல் அவருக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என் கையில் இருந்ததும் அகதிப் பயணப் பத்திரம்தான், அந்த வழியில் வந்த ஒன்று. அதனால் அந்த மீசைக்காரரின் படத்துக்கு முன்னால் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன். உங்கள் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லுங்கள்.

ஃபிராம் நிற்கும் மண்டபத்திலிருந்து நிலத்துக்குக் கீழே ஒரு வழியால் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகலாம். அங்கே இருப்பது யோவா என்ற சின்னக் கப்பல். பலர் களைத்துப்போய் இதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைகளுக்கு மிக முக்கியமான பாடம் இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

1903இல் ரோல்ட் அமுண்ட்சன் ஆறு பேரோடு இந்தக் கப்பலில் போய், கனடாவின் வடக்குத் தீவுகளுக்கு ஊடாக அத்திலாந்திக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் வடமேற்குப் பாதையைக் கடந்து, 1906இல் அலாஸ்காவின் நோம் நகரை அடைந்தார். அதே பகுதியில் அறுபது வருடம் முன்னர் பிராங்ளின் தலைமையில் போன பிரித்தானியக் கப்பல்கள் இரண்டும், 129 பேரும், திரும்பி வரவேயில்லை. அமுண்ட்சன் கிங் வில்லியம் தீவில் இரண்டு குளிர்காலம் தங்கினார், அந்த இரண்டு குளிர்காலமும் மாணவராக இருந்தார். ஆசிரியர்கள் அங்கே வாழ்ந்த நெற்சிலிக் இனூயிற் மக்கள்.

அவர்களிடம் அவர் படித்தவை: பனிமான் தோலுடையை இறுக்காமல் தொளதொளவென்று போடுவது, உள்ளுடையில் மயிர் உடம்பைத் தொடும்படியும் வெளியுடையில் மயிர் வெளிப்பக்கமும் வருவது, வியர்க்காத வேகத்தில் நடப்பது, பனியால் வீடு கட்டுவது, நாய்களை ஓட்டுவது, சறுக்கு வண்டியின் அடிக்குப் பனிக்கட்டிப் பூச்சுக் கொடுப்பது. தென் துருவத்துக்கு அமுண்ட்சன் முதலில் போனதற்கும் திரும்பி வந்ததற்கும் இந்தப் படிப்புப் பெரிய காரணம்.

இங்கே நின்று சொல்வதற்கென்றே வீட்டிலிருந்து ஒரு துண்டுப் பனிமான் தோல் கொண்டுபோவேன், பின்மார்க்கில் ஒரு சாமி மனிதரிடம் வாங்கியது (சாமி என்பது வடக்கே வாழும் பழங்குடி மக்களின் பெயர்). கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் உடையைப் பார்ப்பதும், கையில் தோலைப் பிடித்து அதன் மயிருக்குள் விரலை விடுவதும் ஒன்றல்ல. அந்த மயிர் ஒவ்வொன்றின் உள்ளேயும் காற்று அடைந்திருக்கிறது என்று சொன்னதும் எல்லோருக்கும் தொட்டுப் பார்க்க வேண்டும். நான்சன் 1888இல் கிறீன்லாந்தை ஸ்கீயில் கடந்தபோது கூடப் போனவர்களில் இரண்டு பேர் சாமி மக்கள், சாமுவேல் பால்தோவும் ஊலே ரவ்னாவும். சாமி மக்கள் தோல் சப்பாத்துக்குள் காலுறைக்குப் பதிலாகக் காய்ந்த புல்லை வைப்பார்கள். புல் ஈரத்தை உறிஞ்சும், இரவில் எடுத்துக் காயவைத்து மறுபடி வைக்கலாம். பின்னால் துருவத்துக்குப் போன எத்தனையோ பேர் அந்தப் புல்லோடுதான் போனார்கள். புதிய ஊருக்கு வந்தால் அங்கே ஏற்கெனவே வாழ்கிறவர்களிடம் கேட்டுப் பழகு என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேறு கதை தேட வேண்டாம். பால்தோ, ரவ்னா, நெற்சிலிக் மக்கள் ஆகியோரின் பெயர்களை அமுண்ட்சன், நான்சன் பெயர்களுக்குச் சமமான சத்தத்தோடு சொல்லுங்கள்.

இங்கே ஒரு குளிர் அறையும் இருக்கிறது, துருவப் பயணத்தின் குளிரையும் ஆபத்தையும் உணர வைக்கும் இருட்டான அறை. பிள்ளைகள் வெளியே வந்ததும் திரும்பவும் வரிசையில் நிற்பார்கள். சிறிய பிள்ளைகள் பயந்து அழலாம், கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். என்னைக் கேட்டால் இது இனிப்புப் பண்டம், சாப்பாடு வேறு இடத்தில். சில நிமிடம் குளிரில் நிற்பது எல்லோருக்கும் முடியும். குளிர் ஆளை வெல்வது மெதுவாக, இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும், காலுறை காயாதபோது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு முறை ஒரு நிறுவனம் பள்ளிக்கு வந்து "துருவ நாள்" என்று நடத்தியது, பெயர் வேண்டாம். நுரைப் பனி தெளித்தார்கள், பொம்மைப் பென்குயின் கொடுத்தார்கள், மூக்கில் பனி ஒட்டிய வீரர்களின் படங்களைக் காட்டிக் கைதட்டச் சொன்னார்கள். பென்குயினும் பனிக்கரடியும் ஒரே படத்தில் நின்றன. பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது அவர்களுக்குத் தெரிந்தது, துருவத்துக்குப் போக மிகுந்த துணிச்சல் வேண்டும் என்பது மட்டும். துணிச்சலோடு போய் இறந்தவர்கள் நிறையப் பேர். திரும்பி வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தானே பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்?

வெளியே வந்தால் கடலைப் பார்த்தபடி ஐந்து மனிதரின் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. 1911 டிசம்பர் 14 அன்று தென் துருவத்தில் நின்ற ஐவர்: அமுண்ட்சன், பியோலன், ஹான்சன், ஹாசல், விஸ்டிங். எல்லோரும் அங்கே நின்று படம் எடுப்பார்கள். எடுங்கள். பிறகு அங்கே இல்லாத ஆறாவது ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்.

நான்சனோடு குழிக் குடிசையில் குளிர்காலம் கழித்த அதே யோகான்சன் அமுண்ட்சனோடும் போயிருந்தார். அதே துருவத்துக்குப் போகப் புறப்பட்டிருந்த பிரித்தானியர் ஸ்காட் முந்திவிடுவாரோ என்ற பதற்றத்தில் அமுண்ட்சன் 1911 செப்டம்பர் 8 அன்றே, வசந்தம் வருமுன், ஏழு பேரோடு புறப்பட்டார். குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது பாகையையும் தாண்டியது. திசைகாட்டியின் திரவம் உறைந்தது, நாய்கள் பனியில் படுத்து எழும்ப மறுத்தன, சிலருக்குக் குதிகால் உறைந்தது. திரும்புவதென்று முடிவாயிற்று. ஆனால் கடைசி நாளில் ஆளாளுக்குத் தனித்தனியே தளத்தை நோக்கி ஓட, பின்னால் விழுந்த இளையவர் பிரெஸ்ட்ருட்டை யோகான்சன் விட்டுவிட்டுப் போகவில்லை. உணவும் அடுப்பும் இல்லாமல், இருட்டில், அவரைக் கூட்டிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தார். மறுநாள் எல்லோர் முன்னாலும் தலைவர் செய்தது பிழை என்று சொன்னார். துருவத்துக்குப் போகும் அணியிலிருந்து அவரை அமுண்ட்சன் எடுத்துவிட்டார். ஒரு மாதம் கழித்து, ஒக்டோபர் 19 அன்று, ஐந்து பேர் புறப்பட்டார்கள்.

இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லோரும் மலைக்குப் போகுமுன் படிக்கும் ஒன்பது விதிகள் உண்டு. அவற்றில் ஒன்று, வேளைக்குத் திரும்பு, திரும்புவதில் வெட்கம் இல்லை என்பது. நான்சன் 1895இல் திரும்பினார். அமுண்ட்சன் செப்டம்பரில் திரும்பியதால்தான் டிசம்பரில் போய்ச் சேர்ந்தார். ஆங்கிலேயக் குழுவொன்றின் தலைவர் ஷாக்கிள்டன் 1909இல் தென் துருவத்துக்கு ஏறக்குறைய 180 கிலோமீற்றர் இருக்கும்போது, கூட வந்தவர்களின் உயிரை நினைத்துத் திரும்பினார். எப்போதும் முதலாவதாக வா என்று சொல்லியே பிள்ளை வளர்க்கும் நம் வீடுகளுக்கு இந்த மூன்று பெயரும் தேவை. சிலைகளுக்குப் பக்கத்தில் நின்று இதைச் சொன்னபோது பெற்றோர் சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

நாய்களைப் பற்றி யாராவது ஒரு பிள்ளை கேட்கும். 52 நாய்களோடு போய் 11 நாய்களோடு திரும்பினார்கள். மீதி எங்கே? மேட்டுநிலத்தை ஏறி முடித்ததும் 24 நாய்களைச் சுட்டு, இறைச்சியை மற்ற நாய்களுக்கும் மனிதருக்கும் உணவாக்கினார்கள். அது முன்பே போட்ட கணக்கு. என் வகுப்பில் இதை மறைப்பதில்லை. அழுத பிள்ளையும் உண்டு, "அப்ப அவர்கள் கூடாதவர்களா?" என்று கோபத்தோடு கேட்ட பிள்ளையும் உண்டு. நாயைச் சுட்ட மனிதர்களே அதை எழுதியபோது எவ்வளவு வருத்தப்பட்டார்கள் என்பதையும் சொல்வேன், மிச்சத்தைப் பிள்ளையே யோசிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

போகுமுன் வீட்டில் ஒரு சின்னப் பரிசோதனை செய்துவிட்டுப் போனால் நல்லது. ஒரே அளவு சுடுதண்ணீர் நிறைத்த இரண்டு போத்தல், ஒன்றுக்கு ஈரப் பருத்தித் துணி, மற்றதற்கு ஈரக் கம்பளிக் காலுறை. இரண்டையும் பல்கனியில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பமானியை வைத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவில் மார்கரினைத் தடவி, கையை உள்ளே விட்டு, ஐஸ் தண்ணீரில் வைப்பது. சீலுக்கு ஏன் குளிராது என்று பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

மற்றபடி: நகர மையத்திலிருந்து 30ஆம் இலக்க பஸ் வாசலுக்கே போகும். கோடையில் நகரசபைக் கட்டடத்துக்கு முன்னாலிருந்து படகும் உண்டு, குளிர்காலத்தில் அதை நம்பிப் போகாதீர்கள். ஒஸ்லோ பாஸ் என்ற சுற்றுலா அட்டை வைத்திருப்பவர்களுக்கு நுழைவு அதிலேயே அடங்கும். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கப்பலில் ஏறி இறங்குவதே போதும், கதைகள் எட்டு வயதிலிருந்து ஏறும். சுவர்களில் வாசிக்க நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் வாசிக்க வைத்தால் பிள்ளை வெறுத்துவிடும், நீங்கள் வாசித்து நாலைந்து கதையைச் சொல்லுங்கள். அரை நாள் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே கொன்-டிக்கி அருங்காட்சியகமும் கடல்சார் அருங்காட்சியகமும் இருக்கின்றன, மூன்றையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்க வேண்டாம். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், வெளியே தண்ணீர்க்கரையில் இருந்து சாப்பிடலாம். அங்கே காற்று அடிக்கும், கம்பளி போட்டுவிடுங்கள்.